ஆறுக்கு ஆறு

"பாதி மேட்ச் தோத்தவனுக்கு எதுக்குடி டூரு?"

2015 டிசம்பரில் அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வருடம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் கொண்டாட்டம். எங்கள் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அந்தப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடி, ஆறில் வென்று, ஆறில் தோற்றிருந்தது. அதற்காகத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்கு 'பவுல்' ஆட அழைப்பு வந்திருந்தது. இதை அம்மாவுக்கு விளக்கப் போய்த்தான் அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கால்பந்து என்றதும் நீங்கள் நினைக்கும் ஆட்டம் இல்லை இது. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். கல்லூரி அணிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கி நவம்பர் முடிய ஆடுகின்றன. அதன்பின் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் 'பவுல்' ஆட்டங்கள். பவுல் என்றால் கிண்ணம். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1922இல் திறந்த அரங்கத்துக்கு ரோஸ் பவுல் என்று பெயர். அங்கே நடக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பிற ஊர்களின் ஆட்டங்களும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன.

பாசடீனாவில் முதல் ஆட்டம் நடந்தது 1902 புத்தாண்டு நாளில். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஆட்டம் முடியும் முன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று கைவிட்டது. இப்படி ஒருதலையாகப் போனதில் அமைப்பாளர்களுக்குக் கால்பந்தே வேண்டாம் என்றாகி, சில வருடங்கள் ரதப் பந்தயம்கூட நடத்தினார்கள். 1916இல்தான் கால்பந்து திரும்பி வந்தது. 1930களில் மயாமி, நியூ ஆர்லியன்ஸ், எல் பாசோ, டல்லாஸ் என்று குளிர் குறைந்த ஊர்களெல்லாம் ஆளுக்கொரு பவுலைத் தொடங்கின. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து ஆட்கள் வருவார்கள், விடுதிகள் நிறையும் என்பதுதான் கணக்கு. அப்போது அழைப்பு என்பது மிகச் சில அணிகளுக்குக் கிடைத்த கௌரவம்.

2006இல் பன்னிரண்டு ஆட்டப் பருவம் நிலையானது. ஆறு வென்றாலே தகுதி என்றானது. 2015இல் பவுல்களின் எண்ணிக்கை 40 ஆகிவிட்டது. அதாவது 80 இடங்கள். உயர்மட்டத்தில் ஆடிய அணிகளோ 128.

விளையாட்டு வீரர்களுக்கான பாட உதவி மையத்தில் எனக்குப் பகுதிநேர வேலை. புள்ளியியல் சொல்லிக்கொடுப்பேன். அந்த நவம்பரில் ஒருநாள், கால்பந்து அணியின் முன்வரிசையில் ஆடும் பையன் ஒருவனுக்கு ஈருறுப்புப் பரவலை விளக்க வேண்டியிருந்தது. ஆறடி நாலங்குலம், நூற்று நாற்பது கிலோ. நாற்காலியில் பாதி உடம்புதான் கொள்ளும். ஆனால் கணக்கு என்றால் குரல் எலிக்குஞ்சாகிவிடும். "பூவா தலையா போடுவோம்" என்றேன். ஒரு காசைப் பன்னிரண்டு முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ வாய்ப்பு எவ்வளவு? இருவரும் சேர்ந்து போட்டோம். சுமார் 61 சதவீதம் வந்தது. பிறகு 80ஐ 128ஆல் வகுக்கச் சொன்னேன். 62.5.

சிறிது நேரம் தாளையே பார்த்தவன், "அப்ப நாங்க ஒரு காசு அளவுக்குத் திறமைசாலிங்க, இல்லையா மேம்?" என்றான். இருவரும் சிரித்தோம். அவனுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

அதே மேசையில் மறுநாள் உட்காரும் பெண் வாலிபால் அணியில் லிபரோ. எதிரணி அடிக்கும் பந்துகளைத் தரையோடு தரையாக விழுந்து எடுப்பவள். முட்டியிலும் முழங்கையிலும் எப்போதும் சிராய்ப்பு. அந்த அணி அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களில் வென்று 10இல் தோற்றிருந்தது.

நன்றி நவிலும் நாள் வாரக்கடைசி அது. சனிக்கிழமை கால்பந்து அணி கடைசி ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி வென்று ஆறாவது வெற்றியைப் பெற்றது. இரவு முழுக்கக் கார்களின் ஹாரன். மறுநாள் ஞாயிறு, தேசிய வாலிபால் போட்டிக்கான தேர்வுப் பட்டியலைத் தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட முதல்நிலை அணிகளில் 64 அணிகளுக்கே இடம். அந்தப் பெண் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். ஒரு கேக், சில பெற்றோர்கள், சீருடையில் பெண்கள். ஒவ்வொரு பெயராக வந்தது. கடைசிப் பெயர் வரை எங்கள் பெயர் வரவில்லை. யாரும் அழவில்லை. யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள். பயிற்சியாளர் கேக்கை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள்.

ஆறுக்கு ஆறு எடுத்தவர்கள் பெட்டி கட்டினார்கள். இருபத்திரண்டுக்குப் பத்து எடுத்தவர்கள் மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு விளையாட்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். வாலிபாலில் 64 அணிகள் ஆடுவது சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. பவுலில் பெரும்பாலானவை தனி ஆட்டங்கள். வென்றாலும் அடுத்த சுற்று கிடையாது. அப்படியானால் அவை எதற்கு? கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குத் தொலைக்காட்சியில் ஏதாவது ஓட வேண்டும். ஈஎஸ்பிஎன் நிறுவனத்தின் துணை அமைப்பே ஒரு டஜனுக்கு மேற்பட்ட பவுல்களைச் சொந்தமாக நடத்துகிறது. விளம்பரதாரர் பெயரைத் தாங்கி நடக்கும் ஆட்டங்கள் அவை. புல்வெட்டும் கருவியின் பெயரில் ஒரு காலத்தில் பவுல் நடந்தது. உருளைக்கிழங்கின் பெயரில் இன்றும் நடக்கிறது. மயோனைஸ் பெயரிலான பவுலில் வென்ற பயிற்சியாளரின் தலையில் மயோனைஸைக் கவிழ்க்கிறார்கள். இடம் முதலில் உருவாகிறது, அதன் பிறகுதான் அதை நிரப்ப ஆள் தேடுகிறார்கள். சராசரி ஆட்டம் பரிசு பெறுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் காலியிடம் நிரப்பப்படுகிறது. ஆனால் இப்படி யாருக்காகக் காலியிடங்கள் உருவாகின்றன என்பதைத்தான் பெண்கள் கவனிக்க வேண்டும்.

அந்த ஆண்டு 80 இடங்களுக்கு ஆறு வென்ற அணிகளே போதவில்லை. மூன்று இடங்கள் மிச்சம். ஐந்து வென்று ஏழு தோற்ற அணிகளைக் கூப்பிட்டார்கள். எதை வைத்து? வீரர்களின் கல்வி முன்னேற்ற விகிதத்தை வைத்து. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரரும் படிப்பில் தகுதி இழக்காமல் இருக்கிறாரா, கல்லூரியை விட்டுப் போகாமல் இருக்கிறாரா என்று பருவத்துக்குப் பருவம் புள்ளி போடுவார்கள். முழு மதிப்பு 1000. இந்தப் பட்டியலில் மேலே இருந்த நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் ஆகிய மூன்றும் பவுலுக்குப் போயின. இடையில் மிசௌரி மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டது. போன மூன்றும் வென்றன என்பது வேறு கதை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் மையத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாடம் சொல்லித்தரும் பதினோரு பேரில் ஒன்பது பேர் பெண்கள். மணிக்கணக்கில் கூலி. வரைவுக் கட்டுரையில் சிவப்பு மையால் திருத்துவது, காலையில் எழுப்பித் தேர்வுக்கு அனுப்புவது, 'உன்னால் முடியும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது. மைதானத்தில் தோற்றவர்களுக்கு மேசையில் கிடைக்கும் புள்ளியே கதவைத் திறக்கிறது. அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் எந்த அறிவிப்பிலும் வராது. வீட்டில் அம்மாக்கள் செய்வதுதான் இது. புதிதாக ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 5-7 எடுத்து நெப்ராஸ்காவின் ஆண்கள் அணி அழைப்பு வாங்கிய அதே டிசம்பரில், அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி டெக்சாஸை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் உச்சியில் நின்றார்கள். ஆண்கள் பாதி மலைகூட ஏறவில்லை. இரு அணிகளுக்கும் டிசம்பரில் ஆட்டம் இருந்தது.

இதைவிடக் கசப்பான உதாரணம் கனெக்டிகட். அங்கே பெண்கள் கூடைப்பந்து அணி தொடர்ந்து 90 ஆட்டங்களில் வென்றிருந்தது. 2010 டிசம்பர் 30 அன்றுதான் அந்தத் தொடர் முடிந்தது. இரண்டே நாள் கழித்து, 2011 புத்தாண்டு இரவில், எட்டு வெற்றி நான்கு தோல்வியுடன் வந்த ஆண்கள் கால்பந்து அணி அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல் ஆடியது. ஒக்லஹோமாவிடம் 48-20 என்று தோற்றது. ஒப்பந்தப்படி பல்கலைக்கழகம் 17,500 டிக்கெட்டுகளைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரும்பகுதி விற்கவில்லை. பயணம் முடிந்தபோது பல்கலைக்கழகத்துக்கு நட்டம் 16 லட்சம் டாலருக்கு மேல். 'கால்பந்துதான் மற்ற விளையாட்டுகளுக்குச் சோறு போடுகிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பயணம் ஞாபகம் வரும். பெரிய அணிகள் சில சம்பாதிக்கின்றன, மறுக்கவில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகள் சொந்த வருமானத்தில் நிற்பதில்லை. மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக நிதியும் சேர்ந்தே தாங்குகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972இல் வந்த ஒன்பதாவது பிரிவுச் சட்டம், மைய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்தப் பெண் லிபரோவாக இருக்க முடிந்ததே அந்தச் சட்டத்தால்தான். ஆனால் அன்று உயர்மட்டக் கால்பந்து அணி ஒன்றுக்கு 85 உதவித்தொகைகள், வாலிபால் அணிக்கு 12. வாசலைத் திறக்கச் சட்டத்தால் முடிந்தது. உள்ளே போனவர்களை எப்படி நடத்துவது என்பதில் பழைய பழக்கம் தொடர்ந்தது. 2021 மார்ச்சில் ஓரேகான் வீராங்கனை செடோனா பிரின்ஸ் வெளியிட்ட காணொளியை உலகமே பார்த்தது. தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வந்த ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கு ஒரு சிறு தாங்கியில் கொஞ்சம் எடைகள். அவர்கள் ஒவ்வொருவரும் நாட்டின் ஆகச் சிறந்த 64 அணிகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

அந்த டிசம்பரில் எனக்கு இருந்த கோபம் விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல.

நான் விருதுநகர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1147 வாங்கினேன். ரிசல்ட் வந்த அன்று மாலை அத்தை வந்தாள். "கணக்குல சென்டம் இல்லையாமே?" என்றாள். 194 எடுத்திருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் அடுத்த ஆண்டு இன்ஜினியரிங் முடித்தான். முடித்தான் என்றால், ஏழு அரியரைக் கடைசி நேரத்தில் கிளியர் செய்தான். மொட்டை மாடியில் பந்தல் போட்டு ஐம்பது பேருக்கு மட்டன் பிரியாணி. "எப்படியோ கரையேறிட்டான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் வெங்காயம் உரித்தேன். அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லவன். எனக்கு அமெரிக்கா வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் அவனுக்குக் கரை ஆறு வெற்றியில் இருந்தது. எனக்குப் பன்னிரண்டில்கூட இல்லை.

அந்தக் கரையை நான் விமானத்தில் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆய்வேட்டின் நான்காவது இயல் ஒன்றரை வருடமாக முடியவில்லை. சரியாகச் சொன்னால், முடிந்துவிட்டது. நான் முடிந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. "இது போதும், சமர்ப்பி" என்று நெறியாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்குக் கை வரவில்லை. என்னோடு சேர்ந்த ஒருவன், மூன்று இயல்களோடு முடித்து, வேலைக்குப் போய், வீடும் வாங்கிவிட்டான். அவன் இயல்களை நான் படித்திருக்கிறேன். ஆறுக்கு ஆறு.

அந்தச் சமயத்தில் மாநாடு ஒன்றுக்குப் போக அறுநூறு டாலர் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். நிதி இல்லை என்று பதில் வந்தது. அதே வாரம் பவுல் டிக்கெட் வாங்கச் சொல்லி எல்லோருக்கும் மின்னஞ்சல். நேரில் வர முடியாவிட்டாலும் டிக்கெட்டை வாங்கி ராணுவக் குடும்பங்களுக்குத் தானம் கொடுங்கள் என்று. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று துறையில் சொன்னார்கள். உண்மைதான். எல்லாமே எப்போதும் வேறு வேறு கணக்காகத்தான் இருக்கிறது.

இந்தக் கோபத்தையெல்லாம் அந்த லிபரோ பெண்ணிடம் கொட்டினேன். அவளும் சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க போறதுல எனக்கு ஒண்ணுமில்ல. நாங்களும் சுமாரா ஆடின வருஷம் உண்டு. அந்த வருஷமும் எங்கேயாவது கூப்பிட்டிருந்தா நல்லாதான் இருந்திருக்கும்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. தகுதியில்லாத ஆண்களை வெளியே தள்ள வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சுமாராக ஆடியும் வரவேற்கப்பட வேண்டும் என்று ஒரு பெண் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நம் நியாயங்கள் எல்லாம் 'பெண்கள் இன்னும் சிறப்பாகச் செய்கிறார்கள், ஆகவே இடம் கொடுங்கள்' என்றே தொடங்குகின்றன. தொண்ணூறு ஆட்டங்கள் தொடர்ந்து வென்றால்தான் பேச வாய் திறக்கலாம் என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல. நாற்பது, ஐம்பது எடுத்த பெண்ணுக்கு யார் பேசுவது?

பவுல் ஆட்டத்தை என் அறையில் சின்னத் திரையில் பார்த்தேன். அரங்கில் பாதிக்கு மேல் காலி. எங்கள் அணி தோற்றது. ஆறு வெற்றி, ஏழு தோல்வி என்று பருவம் முடிந்தது. மறுநாள் அந்தப் பையன் ஒரு படம் அனுப்பினான். கடலில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவன் அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். இரண்டு வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அதுவரை இருவருமே கடலைப் பார்த்ததில்லை. அப்போது வீரர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் விதி இடம் தரவில்லை. பவுல் ஏற்பாட்டாளர்கள் கொடுக்கும் அன்பளிப்புக்கும் 550 டாலர் என்று வரம்பு. பயிற்சியாளர்கள் பலரின் ஒப்பந்தங்களில் பவுலுக்குப் போனாலே ஊக்கத்தொகை உண்டு. அந்தப் பையனுக்கு மிஞ்சியது ஒரு பை நிறையப் பரிசுப் பொருளும் அந்தக் கடலும். அந்த அம்மாவின் சிரிப்பைப் பார்த்தபின் 'இந்தப் பவுலை ஒழிக்க வேண்டும்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த லிபரோவின் அம்மாவும் அங்கே நின்றிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஜனவரி இரண்டாம் வாரம் நான்காவது இயலை அப்படியே அச்செடுத்து நெறியாளரிடம் கொடுத்தேன். ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. அந்த இயலில் எனக்குத் தெரிந்த ஓட்டையைக் குழுவில் ஒருவர் கண்டுபிடித்தார். "ஆமாம், அது இதன் எல்லை" என்றேன். அதையே ஒரு பத்தியாக எழுதிச் சேர்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒன்றரை வருடம் நான் பயந்துகொண்டிருந்தது ஒரு பத்திக்கு.

இப்போது சிறிய கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் பூவா தலையா கணக்கைப் பலகையில் போடுகிறேன். 86 மதிப்பெண் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வரும் மாணவிகளிடம், என்னிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: "இதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

தேர்வு முடிந்த அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை.

"எத்தனை மார்க்கு?" என்றாள்.

"மார்க்கெல்லாம் கெடையாதும்மா. பாஸ்."

"வெறும் பாஸா?"

"வெறும் பாஸ்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"சரி, கரையேறிட்ட" என்றாள் அம்மா. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான. உங்க அப்பாவ ரெண்டு கிலோ மட்டன் வாங்கியாரச் சொல்றேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கணும்."